எழுபதுக்குத் தொண்ணூறு

திருவொற்றியூரிலிருந்து வார்ப்பிரும்பு சிலிண்டரோடு வந்துகொண்டிருந்த பழைய புல்லட் 350 கொடுத்தது 18 குதிரைத்திறன். 2008-க்குப் பிறகு அந்த இடத்தைப் பிடித்த எஞ்சின் 19.8 கொடுத்தது. இப்போது விற்கிற புல்லட்டின் எஞ்சின் 20.2. இடையில் ஆஸ்திரிய நிறுவனம் ஒன்றின் துணையோடு வந்ததையும் சேர்த்தால் மூன்று புது எஞ்சின்கள், மூன்று நாட்டுப் பொறியாளர்கள், புதிது புதிதாக ஆலைகள். இத்தனைக்கும் கூடிய பலம் இரண்டு குதிரைக்குச் சற்று மேல். இதே காலத்தில் புனேயை அடுத்த சாக்கனில் பஜாஜ் ஆலை, 373 சி.சி. கே.டி.எம். டியூக் எஞ்சினிலிருந்து 43 குதிரைத்திறனைக் கறந்துகொண்டிருந்தது. கொள்ளளவில் ஏறக்குறைய சமமான இரண்டில் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு பலசாலி. ஆனால் நோஞ்சான்தான் அதிகம் விற்கிறது.

திறமை போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அதே ராயல் என்ஃபீல்டு 2023-இல் ஹிமாலயன் வண்டிக்குத் தண்ணீரால் குளிரும் 452 சி.சி. எஞ்சினைச் செய்து 40 குதிரைத்திறனை எடுத்துக் காட்டியது. ஆகவே புல்லட்டில் இல்லாத பலம், எடுக்கத் தெரிந்தும் வேண்டாமென்று விட்ட பலம். அந்த எஞ்சினை நவீனமாக்க வந்தவர்களுக்கு உண்மையில் இருந்த வேலை வேறு: அதன் குணத்தையும் குற்றத்தையும் பிரித்தெடுப்பது. இரண்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே பாத்திரத்தில் ஊறியவை. எது குணம், எது குற்றம் என்பதில் ஓட்டுகிறவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. கோட்டை எங்கே கிழித்தார்கள், அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம் போன்ற ஊர்களின் பட்டறைகள் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் போய் விழுந்தன என்பதைப் பார்க்கலாம்.

இந்த எஞ்சின் 1949-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ஆலையிலிருந்து வெளிவந்தது. சிலிண்டரின் உள்விட்டம், அதாவது போர், 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 346 சி.சி. இந்திய ராணுவத்துக்கு எல்லைப் பகுதியில் சுற்றுவதற்கு வண்டி தேவைப்பட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் புல்லட்டுகளை வரவழைத்துக் கொடுத்தது. 1955-இல் ரெட்டிச்காரர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு திருவொற்றியூர் ஆலை திறந்தது. பாகங்கள் கப்பலில் வந்து இறங்க, இங்கே பூட்டப்பட்டவை அந்த ஆண்டு முடிவுவரை 163 வண்டிகள். பிறகு படிப்படியாக எல்லாப் பாகமும் இங்கேயே வார்க்கப்பட்டது.

இங்கிலாந்து நிறுவனம் 1970-இல் இழுத்து மூடப்பட்டது. தாய் போன பிறகும் பிள்ளை அப்படியே இருந்தது. மாற்ற வேண்டிய நெருக்கடி எதுவும் இல்லை. உரிமம், ஒதுக்கீடு, இறக்குமதித் தடை என்று வேலி போட்ட சந்தை. ராணுவமும் காவல்துறையும் நிரந்தர வாடிக்கை. பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கப் பொதுமக்கள். 1977-இல் அதே வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். அங்கே அது பழங்காலப் பொருளைப் புதிதாகவே வாங்கும் வாய்ப்பாக விலைபோனது. ஆக, நாம் மரபு என்று கொண்டாடுவதில் பாதி, முதலீடு செய்யாமல் விட்டதன் விளைவு. இதைச் சொன்னால் புல்லட் ரசிகர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். அந்த நிறுவனம் புதுமைக்கு முயலவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1980-களில் ஜெர்மனியின் சுண்டாப் நிறுவனத்தோடு சேர்ந்து ராணிப்பேட்டையில் எக்ஸ்புளோரர், சில்வர் பிளஸ், ஃபியூரி என்று சின்ன வண்டிகளைச் செய்தார்கள். அவற்றின் பெயரை நினைவு வைத்திருப்பவர்களை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பழைய எஞ்சினின் குணம் எங்கிருந்து வந்தது? முதலில் அந்த 70-க்கு 90. பிஸ்டன் அகலத்தைவிடப் பயணம் நீளம். நீண்ட பயணம் உள்ள எஞ்சின் வேகமாகச் சுற்ற விரும்பாது. சுற்றினால் பிஸ்டனின் வேகம் எல்லை கடந்து உள்ளே உரசலும் தேய்மானமும் ஏறும். டியூக் எஞ்சின் இதற்கு நேர் எதிர்: 89-க்கு 60, அகலம் அதிகம், பயணம் குட்டை. அது 9000 சுற்றில் தன் முழுப் பலத்தைக் காட்டும்போது பழைய புல்லட் ஐயாயிரத்து அறுநூறில் மூச்சு வாங்கும். இரண்டாவது, உள்ளே சுழலும் கனத்த இரும்புச் சக்கரங்கள். ஒரு வெடிப்பில் கிடைத்த விசையைச் சேமித்து அடுத்த வெடிப்புவரை இழுத்துக்கொண்டு போவது அவைதான். மூன்றாவது, ஒற்றை சிலிண்டர், நான்கு வீச்சு. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும்.

இந்த மூன்றாவது விஷயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நிமிடத்துக்கு 1000 சுற்றில் எஞ்சின் சும்மா நின்றால் 500 வெடிப்பு, நொடிக்கு எட்டு. மனிதக் காது நொடிக்கு இருபது வரையிலான தட்டல்களைத் தனித்தனித் தட்டலாகவே கேட்கும். அதைத் தாண்டினால் அவை ஒட்டிக்கொண்டு ஒரே சுருதியாகிவிடும். ஒற்றை சிலிண்டரில் நொடிக்கு இருபது என்பது நிமிடத்துக்கு 2400 சுற்று. பழைய புல்லட்டை டாப் கியரில் போட்டு அலட்டிக்கொள்ளாமல் ஓட்டினால் எஞ்சின் பெரும்பாலும் இந்த எல்லையை ஒட்டியேதான் ஓடும். அதாவது, காதுக்குத் தாளம் கேட்கும், சுருதி கேட்காது. நாலாயிரம் ஐயாயிரம் சுற்றில் ஓடவைக்கப்படும் வண்டிக்கு எந்த சைலன்சரைப் பூட்டினாலும் இந்த டப்டப் வராது. சத்தத்தின் ரகசியம் குழாயில் பாதிதான். மீதி கியர் விகிதத்திலும் ஸ்ட்ரோக்கிலும் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இந்தத் தாளம் புல்லட்டுக்கு முன்பே பழக்கமானது. உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரம் மானாவாரியும் முந்திரிக்காடும் நிறைந்தது. கிணற்றுக்கு மின்மோட்டார் வருமுன் தண்ணீர் இறைத்தது ஆயில் எஞ்சின். மெதுவாகச் சுற்றும் ரகத்தில் நிமிடத்துக்கு 650 சுற்று, பக்கவாட்டில் ஆள் உயரத்தில் பாதிக்கு இரும்புச் சக்கரம். நீள ஸ்ட்ரோக், கனத்த சக்கரம், ஒற்றை சிலிண்டர் என்று அதன் உள்ளமைப்பு புல்லட்டினுடையதேதான். இதை வெறும் ஒப்புமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1990-களில் என்ஃபீல்டு உண்மையாகவே புல்லட் சட்டத்தில் 325 சி.சி. கிரீவ்ஸ் லம்பார்டினி டீசல் எஞ்சினைப் பூட்டி விற்றது. டாரஸ் என்று பெயர். பலம் 6.5 குதிரை. வேகம் அறுபதைச் சற்றுத் தாண்டினால் அதிகம், லிட்டருக்கு எழுபது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும். பால்காரர்களும் வியாபாரிகளும் வாங்கினார்கள். குணத்தை அதன் கடைசி எல்லைவரை இழுத்துக்கொண்டு போன வண்டி அது. புகைக் கட்டுப்பாடு இறுகியதும் வழக்கொழிந்தது.

இனிக் குற்றங்கள். சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். சூட்டில் அலுமினியம் அதிகம் விரியும் என்பதால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தாராளமாக விட வேண்டும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் தடதடக்கும், ஆயில் மேலேறி எரியும். இரும்பு சூட்டைக் கடத்துவதிலும் மந்தம். அலுமினியக் கலவை ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகக் கடத்தும். சித்திரை வெயிலில் விக்கிரவாண்டி வரை நிறுத்தாமல் விரட்டினால் பிஸ்டன் ஜாம் ஆவதற்கு இதுதான் காரணம். எஞ்சின் தனி, கியர்பெட்டி தனி, நடுவில் ஒரு செயின். எத்தனை இணைப்போ அத்தனை ஆயில் கசிவு. புல்லட் நின்ற இடத்தில் ஆயில் சொட்டு இல்லையென்றால் ஆயிலே தீர்ந்துவிட்டதாக அர்த்தம் என்பது பழைய கேலி. பற்றவைப்புக்குப் பாயிண்ட், அது தேயும், கருகும், மழையில் நனையும்.

கிக்கரை உதைப்பதே ஒரு படிப்பு. ஹெட்லைட் உறையில் உள்ள ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது மின்சாரம் ஓடி முள் ஒரு பக்கம் சாயும். பிஸ்டன் உச்சியை நெருங்கிப் பாயிண்ட் திறக்கும்போது முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டிகம்ப்ரஸரை அழுத்தி வால்வைத் திறந்து, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்திவிட்டு, பிறகு முழு உடல் கனத்தையும் இறக்கி ஒரே உதை. அரைகுறையாக உதைத்தால் பிஸ்டன் உச்சியைத் தாண்டுமுன் வெடித்து எஞ்சின் பின்னோக்கிச் சுற்றும். கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் போனவர்கள் உண்டு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வேறு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் புல்லட்டில் ஏறினால் நிறுத்த நினைத்துக் கியரை மிதிப்பார்கள்.

ஒரு புல்லட்காரரிடம் கேட்டுப் பாருங்கள், இந்தக் கிக்கர் சடங்கைக் குற்றம் என்று சொல்லமாட்டார். தம்பிக்கோ மருமகனுக்கோ வண்டி கிளம்பாது, தமக்கு மட்டும் ஒரே உதையில் கிளம்பும் என்பதில் அவருக்கு ஒரு நிறைவு. இங்கேதான் பொறியாளருக்குச் சங்கடம். அலுமினியம் சூட்டைக் கடத்தும் அளவை அளந்துவிடலாம். மருமகனுக்கு முன்னால் நிமிரும் மார்பை எந்தக் கருவியால் அளப்பது?

மாற்றத்துக்கு நெருக்கடி ஜப்பானிலிருந்து வந்தது. 1984-இல் இண்டு-சுசுகி, அடுத்த ஆண்டு ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-உம். 100 சி.சி. வண்டிகள் குறைந்த பெட்ரோலில் ஓடின; ஆயில் சொட்டவில்லை; எல்லார் உதைக்கும் கிளம்பின. என்ஃபீல்டு தள்ளாடியது. 1990-இல் ஐஷர் குழுமம் பங்கு வாங்கி, 1994-இல் நிறுவனத்தையே எடுத்துக்கொண்டது. 2000-இல் பொறுப்புக்கு வந்த சித்தார்த்த லால், பிறகு ஐஷரின் பதினைந்து தொழில்களில் பதின்மூன்றைக் கைகழுவிவிட்டு லாரியையும் புல்லட்டையும் மட்டும் வைத்துக்கொண்டார். அவர் வந்த சமயத்தில் மாதம் விற்றது சுமார் 2000 வண்டி.

முதல் முயற்சி ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையோடு நடந்தது. அலுமினிய சிலிண்டர், குறைந்த பெட்ரோலில் எரியும் அமைப்பு. 2002-இல் வந்த தண்டர்பேர்டில் இது இருந்தது. கியரும் இடது காலுக்கு வந்தது, கியர்களும் ஐந்தாயின. எஞ்சின் அதிகம் சூடேறவில்லை, மைலேஜ் கூடியது. ஆனால் பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். சத்தம் மெலிந்துவிட்டது, இது புல்லட்டே இல்லை என்றார்கள். புதியவர்களுக்கோ கியர் இடதில் இருப்பது நிம்மதி. ஆகவே சில ஆண்டுகளுக்கு நிறுவனம் இரண்டையும் அருகருகே விற்றது; இரும்பு எஞ்சின் கேட்டவருக்கு இரும்பு, அலுமினியம் கேட்டவருக்கு அலுமினியம். வணிகத்தில் இதைக் குழப்பம் என்பார்கள். என் பார்வையில் அந்த நிறுவனம் செய்த மிக உருப்படியான ஆய்வு அதுதான். எதை மாற்றினால் ஆட்கள் கூச்சல் போடுகிறார்கள், எதை மாற்றினால் பேசாமல் வாங்கிப் போகிறார்கள் என்பது அதில் தெரிந்தது.

அந்தப் பாடம் 2008-இல் பலித்தது. எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே உறைக்குள் வந்த யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் எஞ்சின் முதலில் இங்கே தண்டர்பேர்டிலும், அடுத்த ஆண்டு கிளாசிக் வண்டியிலும் ஏறியது. உள்ளே அநேகமாக எல்லாமே புதிது. டாப்பெட் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு, மின்னணுப் பற்றவைப்பு, செல்ஃப் ஸ்டார்ட்டர், புது ஆயில் பம்ப். 500 சி.சி. வடிவத்தில் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். ஆயில் கசிவு ஏறக்குறைய நின்றது. ஆனால் 70-க்கு 90-ஐ மட்டும் தொடவில்லை. 500-க்கும் பழைய 84-க்கு 90-தான். வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ் ராடும் இருந்தது. வார்ப்பு, உலோகம், ஆயில் ஓட்டம் எல்லாம் மாறியும் ரெட்டிச்சில் போட்ட இரண்டு எண்கள் அப்படியே நின்றன. மாற்றக் கூடாதது எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. பழைய ஆட்களும் இந்த முறை அதிகம் முணுமுணுக்கவில்லை. கிளாசிக்குக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புது ஆலைகள் எழுந்தன. 2014-இல் உலக அளவிலான விற்பனை எண்ணிக்கையில் ஹார்லி டேவிட்சனை ராயல் என்ஃபீல்டு முந்தியது.

பிறகு புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெருங்கியது. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4, நடுவில் ஒரு படியைத் தாண்டி 2020 ஏப்ரலில் பி.எஸ். 6. காற்றால் குளிரும் பழைய வடிவத்தில் சூடு சீராக இருக்காது. சூட்டுக்குத் தக்க இடைவெளிகளும், சூட்டைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோலும் வேண்டும். இரண்டுமே புகைக்குழாயில் எரியாத ஆயிலும் பெட்ரோலுமாக வெளிவரும். 70-க்கு 90 எஞ்சின் இன்ஜெக்‌ஷன் பூட்டிக்கொண்டு பி.எஸ். 6-ஐக் கடந்தது என்னவோ உண்மை. 2023 வரை புல்லட்டில் அது ஓடியது. ஆனால் அதற்குள் மாற்று தயாராகிவிட்டது. சென்னையிலும், இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் உள்ள புரூண்டிங்தார்ப்பிலும் இருந்த குழுக்கள் உருவாக்கிய ஜே வரிசை எஞ்சின் 2020 நவம்பரில் மீட்டியார் வண்டியில் வந்தது; 2021 செப்டம்பரில் கிளாசிக்கில், 2023 செப்டம்பரில் புல்லட்டில்.

இதில் புனிதமான எண்களே போய்விட்டன. போர் 72, ஸ்ட்ரோக் 85.8, கொள்ளளவு 349 சி.சி. புஷ் ராட் இல்லை, கேம் ஷாஃப்ட் மேலே ஏறிவிட்டது. அழுத்த விகிதம் 8.5-லிருந்து 9.5 ஆனது. கிக்கரே கிடையாது. இருந்தும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முறுக்குவிசை உச்சம் தொடுவது பழையதில் 28 நியூட்டன் மீட்டர், 4000 சுற்றில், புதியதில் 27, அதே 4000 சுற்றில். ஸ்ட்ரோக் இன்னும் போரைவிட நீளம். எண்கள் மாறின, ஆனால் அவற்றுக்கு இடையிலான உறவு கலையவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை ஒரு சின்னத் தண்டைப் பற்றியது: பேலன்சர் ஷாஃப்ட். ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதன் கனம் எஞ்சினை மேலும் கீழும் உலுக்கும். கிராங்க்கின் மறுபக்கத்தில் எதிர்ப்பாரம் வைத்தால் அந்த உலுக்கலில் பாதியைக் கொல்லலாம். முழுவதும் கொல்ல முயன்றால் அதே பாரம் முன்னும் பின்னும் உலுக்கத் தொடங்கும். மிச்சப் பாதியைத் தீர்க்க, கிராங்க்கின் அதே வேகத்தில் எதிர்த் திசையில் சுற்றும் ஒரு பாரத்தண்டு வேண்டும். ஜே எஞ்சினில் அது வந்துவிட்டது. கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இப்போது ஒரே லாரியாகத் தெரிகிறது.

உயிரே போய்விட்டது என்றது ஒரு கூட்டம். அவர்களோடு நான் உடன்படவில்லை; காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஓட்டுகிறவரின் கைக்கும் இடுப்புக்கும் வருவது இரண்டு தனித்தனிச் செய்திகள். ஒன்று வெடிப்பின் தள்ளல், சக்கரம்வரை போகும் துடிப்பு. மற்றது பிஸ்டன் கனத்தின் உலுக்கல். பேலன்சர் ஷாஃப்ட் இரண்டாவதைத்தான் தொடும். வெடிப்பின் தள்ளலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மேலும் உலுக்கல், சுற்றின் வேகத்துக்கு வர்க்கமாகக் கூடும். 2000 சுற்றில் இருப்பது 4000 சுற்றில் நான்கு மடங்கு. ஆகவே மெதுவாகப் போகும்போது நாம் அனுபவித்ததில் பெரும்பங்கு வெடிப்பின் துடிப்பு. எண்பதில் போகும்போது கையை மரக்கவைத்து நட்டுகளைக் கழற்றியது உலுக்கல். பாரத்தண்டு முன்னதை விட்டுவிட்டுப் பின்னதைக் கொண்டுபோனது. குணத்தையும் குற்றத்தையும் இவ்வளவு துல்லியமாக அறுத்துப் பிரித்த வேறொரு பாகம் அந்த எஞ்சினில் இல்லை.

ஹார்லி இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. 2016-இல் வந்த அதன் மில்வாக்கி எய்ட் எஞ்சினில், சும்மா நிற்கும்போது எழும் முதன்மை அதிர்வில் 75 விழுக்காட்டை மட்டுமே அழிக்கும்படி பாரத்தண்டை அமைத்தார்கள். மிச்சக் கால் பங்கை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். அவர்கள் 1994-இல் தங்கள் எஞ்சின் சத்தத்துக்கே வணிகச் சின்னப் பதிவு கேட்டவர்கள். ஆறு ஆண்டு வழக்காடிவிட்டுக் கைவிட்டார்கள். ட்ரையம்ப்பின் வழி இன்னும் வேடிக்கை. பான்வில் வண்டிக்கு இன்ஜெக்‌ஷன் வந்தபோது அந்தக் கருவியைக் கார்புரேட்டர் போலவே உறைபோட்டு மூடினார்கள். 2016-இல் எஞ்சினைத் தண்ணீரால் குளிர்வித்த பிறகும் சிலிண்டரில் காற்றுக்கான செதில்களை விட்டுவைத்தார்கள். மைசூரில் தயாராகிவந்து 1996-இல் நின்றுபோன ஜாவா 2018-இல் திரும்பி வந்தபோது, இரட்டைச் சைலன்சரும் உருண்டை டாங்கும் திரும்பின. எஞ்சின் மட்டும் இரண்டு வீச்சிலிருந்து நான்கு வீச்சாகி, தண்ணீர்க் குளிர்ச்சியும் 293 சி.சி.யுமாக வேறு ஆளாக வந்தது. பழைய ஜாவாவின் புகை மணமும் அந்தத் தனிச் சத்தமும் சட்டப்படி இனி வர முடியாதவை என்பதால் ஜாவாக்காரர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளிருப்பதை மாற்றுவது ஒரு வகை. புல்லட்டில் நடந்தது அதற்கு மறுதலை. அங்கே உள்ளே இருந்த நடை தங்கியது, எலும்புகள் மாறின. டாங்கில் கையால் இழுக்கப்படும் பொன்னிறக் கோடு இதில் எந்தக் கணக்கிலும் சேராது. ஆனால் அதை ஸ்டிக்கராக்கியிருந்தால் எஞ்சின் மாறியதைவிடப் பெரிய கூச்சல் வந்திருக்கும்.

சத்தத்தை விட்டு ஊருக்கு வரலாம். அரியலூர் மாவட்டச் சாலைகள் சுண்ணாம்புக்கல் லாரிகளின் சாலைகள். சிமெண்டு ஆலைகளின் தூசு எப்போதும் காற்றில் இருக்கும். இந்தத் தூசில் ஓடிய இரும்பு புல்லட்டுகளை ஐம்பது ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது எந்தக் கம்பெனியும் அல்ல; கடைவீதி ஓரத்து மெக்கானிக்குகளும், போர் அடித்துக் கொடுத்த லேத் பட்டறைகளும்தான். பழைய எஞ்சின் அவர்களுக்கு ஏற்றாற்போலவே இருந்தது. டாப்பெட் சரிசெய்ய அளவுகோல்கூட வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடை விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் அசைத்தால் அசையக் கூடாது, அவ்வளவுதான். கிராங்க்கா, பிஸ்டனா, டாப்பெட்டா என்பதைக் காது சொல்லிவிடும். அந்தக் காது படித்து வருவதில்லை, பதினைந்து வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போனவர்களுக்கு வந்த காது.

அவர்கள் எல்லாம் சரியாகச் செய்தார்கள் என்றும் இல்லை. தாளம் இன்னும் மெதுவாகக் கேட்க வேண்டும் என்று வாடிக்கையாளர் ஆசைப்பட்டால் ஐடிலிங் ஸ்க்ரூவை இறக்கி, டைமிங்கையும் கொஞ்சம் பின்தள்ளிவிடுவார்கள். சத்தம் அமர்க்களமாக வரும். ஆனால் அந்தக் குறைந்த சுற்றில் ஆயில் பம்பும் சோம்பும், மேலே ஆயில் போதாது, எஞ்சின் சீக்கிரம் தேயும். ஜே எஞ்சினில் ஐடிலிங்கைக் கணினிச் சில்லு தீர்மானிக்கிறது. திருக ஸ்க்ரூ இல்லை. அந்த ஆசைக்கு இப்போது ஒரே வழி சைலன்சரைக் கழற்றி வேறு குழாய் மாட்டுவது. அது மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தூக்கத்தை நினைத்தால் அபராதம் குறைவு என்றே சொல்வேன். கம்பெனி கொடுத்த சைலன்சரிலேயே தாளம் இருக்கிறது. அதைக் கேட்க நாற்பதில் போகத் தெரிய வேண்டும்.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நடந்தது. பி.எஸ். 6-ஓடு ஆக்சிஜன் சென்சாரும் பழுதறியும் கணினியும் வந்தன. 2023-இல் அந்தக் கணினிக்கான விதி இன்னும் இறுகியது. எஞ்சின் விளக்கு எரிந்தால் காது உதவாது. கம்பெனியின் ஸ்கேனர் வேண்டும். கிக்கர் இல்லாததால் பாட்டரி இறங்கினால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். உடையார்பாளையத்து மெக்கானிக் இன்றும் ஆயில் மாற்றுகிறார், செயின் இறுக்குகிறார், பிரேக் ஷூ போடுகிறார். அதற்கு மேல் போக அவருக்குத் திறமை இல்லாமலில்லை. உள்ளே நுழைய வழி இல்லை. புல்லட்டின் குணம் என்று பட்டியல் போட்டவர்கள் சத்தத்தையும் தோற்றத்தையும் உட்காரும் உயரத்தையும் எழுதினார்கள். எந்த ஊரிலும் எவரும் பிரித்துப் பூட்டலாம் என்ற குணத்தை எழுத மறந்தார்கள். வாடிக்கையாளர் கருத்துக் கேட்டபோது மெக்கானிக்குகள் வாடிக்கையாளர்களாகக் கணக்கில் வரவில்லை போலும்.

தூய்மையான புகைக்கும் பட்டறைக்கும் பகை இருந்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால், அதே ராயல் என்ஃபீல்டின் 650 இரட்டை சிலிண்டர் எஞ்சினைக் காட்டலாம். 2018-இல் வந்தது, 47 குதிரைத்திறன், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், 270 பாகையில் திருப்பி வைத்த கிராங்க், இன்ஜெக்‌ஷன். இவ்வளவு நவீனத்துக்கு நடுவே வால்வு இடைவெளியைச் சரிசெய்ய மட்டும் பழைய ஸ்க்ரூவும் லாக் நட்டும் வைத்திருக்கிறார்கள்; ஒரு ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் போதும். ஜப்பானிய, ஐரோப்பிய எஞ்சின்கள் பலவற்றில் இதே வேலைக்குக் கேம் ஷாஃப்டைக் கழற்றிச் சின்னஞ்சிறு தகடுகளை மாற்ற வேண்டும். அதாவது, பட்டறையை நினைத்து வடிவமைக்க முடியும். ஒரு இடத்தில் செய்தும் இருக்கிறார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்கான விதிமுறையை வகுக்க மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தபோது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. பழுதறியும் கருவியும் கையேடும் நியாயமான விலைக்கு வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று அந்த விதி கட்டாயமாக்கினால், ஜே எஞ்சினைத் திறக்கத் தேவையான மற்ற எல்லாச் சாமானும் உடையார்பாளையம் கடைவீதியில் ஏற்கெனவே இருக்கிறது.